புகைபோக்கியிலிருந்து நீண்ட கோடரி: 1984-இல் ஒரு கிறிஸ்துமஸ் திகில் படம் சந்தித்த எதிர்ப்பு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

1984 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை அன்று 'சைலண்ட் நைட், டெட்லி நைட்' என்ற படம் அமெரிக்காவில் 398 திரையரங்குகளில் வெளியானது. சுமார் ஏழரை லட்சம் டாலர் செலவில், யூட்டா மாநிலத்தின் உண்மையான பனியில் எடுக்கப்பட்ட சின்னப் படம். இயக்குநர் சார்லஸ் செல்லியர் அதுவரை குடும்பத்தோடு பார்க்கும் படங்களுக்குப் பேர்போனவர். மலைக்காட்டில் கரடியோடு வாழும் மனிதனைப் பற்றிய 'கிரிஸ்லி ஆடம்ஸ்' அவர் கைவண்ணம். விநியோகம் ட்ரைஸ்டார். திரைப்பட நிறுவனமான கொலம்பியா, தொலைக்காட்சி நிறுவனங்களான எச்.பி.ஓ., சி.பி.எஸ். மூன்றும் 1982-இல் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் அது. கொலம்பியாவோ அப்போது கோக்க-கோலாவுக்குச் சொந்தம். சிவப்புச் சட்டையும் வெள்ளைத் தாடியுமாக இன்று உலகம் அறிந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவத்தை 1931 முதல் தன் விளம்பரங்கள் வழியே பரப்பியது அதே கோக்க-கோலாதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தில் ஒரு கொலைகாரன் வருவது அன்றைக்கே பழைய சரக்கு. 1972-இல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட்' படத்தின் முதல் கதையில் மனநோய்க் காப்பகத்திலிருந்து தப்பியவன் அந்த வேடத்தில் வீடு தேடி வருகிறான். 1980-இல் மட்டும் 'கிறிஸ்துமஸ் ஈவில்', 'டு ஆல் எ குட்நைட்' என்று இரண்டு படங்கள். எதற்கும் யாரும் வீதிக்கு வரவில்லை. எனவே இந்த நிகழ்வை ஆராயும்போது 'அந்த வேடத்தைக் காட்டியதால் எதிர்ப்பு வந்தது' என்ற வழக்கமான விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அதே வேடம், நான்கே வருட இடைவெளி. 1980-இல் அமைதி, 1984-இல் மறியல் என்றால் நடுவே மாறியது என்ன?

ஒரு மாற்றம் பெற்றோரின் மனநிலையில் இருந்தது. அதே 1984 ஜூனில் 'க்ரெம்லின்ஸ்' வெளியானது. கிறிஸ்துமஸ் காலத்தில் நடக்கும் கதை, பொம்மை போன்ற அழகான குட்டிப் பிராணி, பெற்றோர் வழிகாட்டுதலோடு குழந்தைகளும் பார்க்கலாம் என்ற பி.ஜி. சான்றிதழ். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் உள்ளே பார்த்தது வேறு. தாத்தா வேடம் போட்டுப் புகைபோக்கியில் இறங்கி, அங்கேயே சிக்கிச் செத்துப்போன தகப்பனைப் பற்றி ஒரு பெண் சொல்லும் காட்சியும் அதில் உண்டு. அந்தப் படமும் அதே கோடையில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்' படமும் கிளப்பிய புகார்களால்தான் ஜூலை 1 முதல், பதின்மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் பி.ஜி.-13 என்ற புதிய சான்றிதழே பிறந்தது. ஆக, நவம்பரில் பெற்றோர்கள் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டவர்கள்.

திரையில் உண்மையில் இருப்பது

படத்துக்கு ஆர் சான்றிதழ். நம் ஊர் 'ஏ' சான்றிதழ் இருந்தால் பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை. அமெரிக்க ஆர் அப்படியல்ல. பதினேழு வயது ஆகாதவர்களும் பெற்றோரோ பாதுகாவலரோ கூட வந்தால் பார்க்கலாம். என்றாலும் இது பெரியவர்களுக்கான படம் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

கதை 1971-இல் தொடங்குகிறது. ஐந்து வயது பில்லி, மனநோய்க் காப்பகத்தில் இருக்கும் தன் சொந்தத் தாத்தாவைப் பெற்றோருடன் பார்க்கப் போகிறான். கிறிஸ்துமஸ் தாத்தா கெட்ட பிள்ளைகளைத் தண்டிப்பார் என்று அந்தக் கிழவர் தனியே அவன் காதில் போடுகிறார். திரும்பும் வழியில் அதே வேடமிட்ட கொள்ளைக்காரன் ஒருவன் அவன் கண்முன்னே தாயையும் தகப்பனையும் கொல்கிறான். அடுத்து 1974: கன்னியாஸ்திரிகள் நடத்தும் அநாதை இல்லம், அடியையே மருந்தாக நம்பும் தலைமைக் கன்னியாஸ்திரி. பிறகு 1984: பதினெட்டு வயது பில்லி பொம்மைக் கடையில் வேலை செய்கிறான், முதலாளி அவனை அந்தச் சிவப்பு உடையைப் போடச் சொல்கிறார். அங்கே அவன் மனம் உடைகிறது. இதற்குள் ஏறக்குறைய பாதிப் படம் ஓடிவிடுகிறது.

அதாவது, கொலை செய்வது கிறிஸ்துமஸ் தாத்தா அல்ல. அந்த உடையைக் கண்டாலே நடுங்குகிற, சிதைந்துபோன ஓர் இளைஞன். படத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பின்பாதி அந்தக் காலத்து மலிவான ஸ்லாஷர் வகைதான், அதாவது ஒருவன் ஆயுதத்தோடு ஒவ்வொருவராகக் கொல்லும் வகை: கோடரி, கலைமான் கொம்பு, இடையிடையே அரைகுறை ஆடைக் காட்சிகள். இதில் பெண்களை நடத்திய விதத்துக்காக வந்த கண்டனங்களை லேசாகத் தள்ளிவிட முடியாது. முன்பாதியின் மீது அதே குற்றச்சாட்டை வைப்பது கடினம்.

விளம்பரத்தில் இருந்தது

போஸ்டரில் இருந்தது பனி படர்ந்த கூரை, செங்கல் புகைபோக்கி, அதன் வாயிலிருந்து மேலே நீட்டிய ஒரு கை. சிவப்புச் சட்டை, மணிக்கட்டில் வெள்ளை ரோமப் பட்டை, பிடியில் கோடரி. முகம் கிடையாது. இதை வரைந்தவர் கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஒரே பார்வையில் முழு விஷயமும் புரிந்துவிடும். ஆனால் முகம் இல்லாததால் இது 'வேடம் போட்ட ஒருவன்' என்று சொல்ல அந்தப் போஸ்டரில் எதுவுமே இல்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு அது கிறிஸ்துமஸ் தாத்தாவேதான். படம் சொல்லாத ஒன்றைப் போஸ்டர் சொல்லிவிட்டது.

தொலைக்காட்சி விளம்பரமும் அதே வழியில் போனது. சிவப்பு உடையில் ஆயுதத்தோடு நிற்கும் பில்லியை நெருக்கத்தில் காட்டும் துண்டுகள். அவை ஒளிபரப்பானதில் ஒரு பகுதி குடும்பமே கூடத்தில் உட்கார்ந்து பார்க்கும் நேரங்களில். இங்கேதான் சான்றிதழ் முறையின் ஓட்டை தெரிகிறது. ஆர் சான்றிதழ் திரையரங்கு வாசலில் வேலை செய்யும். டிக்கெட் கிழிப்பவர் வயது கேட்பார். வீட்டுக் கூடத்தில் கேட்க ஆள் இல்லை. படத்துக்குள் விடப்படாத வயதுக்காரருக்கு, படத்தின் மிகப் பயங்கரமான முப்பது விநாடி இலவசமாகப் போய்ச் சேர்ந்தது.

1980-க்கும் 1984-க்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான். 'கிறிஸ்துமஸ் ஈவில்' சிறிய விநியோகத்தில், தேடிப் போனவர்கள் மட்டும் பார்த்த படம். இதுவோ பெரிய நிறுவனத்தின் பணத்தில், தேடாதவர்கள் வீட்டுக்கும் போனது.

முதல் வாரம்

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் தாய்மார்கள் சிலர் ஒரு குழு அமைத்தார்கள். அவர்களைப் போன்றவர்களின் புகார் எளிமையானது: பிள்ளை தொலைக்காட்சியில் விளம்பரத்தைப் பார்த்தது, கிறிஸ்துமஸ் தாத்தா வந்து கொன்றுவிடுவார் என்று பயப்படுகிறது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு திரையரங்கின் முன் மறியல் நடந்தது. கோஷத்துக்குப் பதில் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடினார்கள். பெற்றோர்–ஆசிரியர் சங்கத்தினரும் படத்தை நீக்கக் கோரினார்கள். வேறு ஊர்களிலும் திரையரங்குகள், வணிக வளாகங்கள் முன்னால் குடும்பங்கள் கூடின.

வணிக வளாகம் என்பது இங்கே முக்கியம். எண்பதுகளில் அமெரிக்கத் திரையரங்குகள் பல வளாகங்களுக்கு உள்ளேயே இருந்தன. கிறிஸ்துமஸ் பருவத்தில் அதே வளாகத்தில் குழந்தைகள் வரிசையில் நின்று தாத்தாவின் மடியில் உட்கார்ந்து புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த வரிசையிலிருந்து கண்ணுக்கு எட்டும் தூரத்தில் கோடரிப் போஸ்டர் தொங்கினால் திரையரங்கு நிர்வாகி எவ்வளவு நேரம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியும்? வளாகக் கடைக்காரர்களுக்கு இது வருடத்தின் பெரிய வியாபாரக் காலம் வேறு.

எதிர்த்தவர்களில் பெரும்பாலானோர் படம் பார்க்கவில்லை என்று அப்போதும் இப்போதும் கேலியாகச் சொல்வதுண்டு. அந்தக் கேலி தப்பான இடத்தில் விழுகிறது. அவர்கள் கருத்துச் சொன்னது விளம்பரத்தைப் பற்றி. விளம்பரத்தை அவர்கள் முழுமையாகவே பார்த்திருந்தார்கள். தங்கள் வீட்டுக்குள் வந்த ஒன்றைப் பற்றிக் கருத்துச் சொல்ல டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. ஆனால் கோரிக்கை விளம்பரத்தோடு நிற்காமல் படத்தையே தூக்க வேண்டும் என்று நகர்ந்தபோது, பார்க்காத பொருளின் மீது தீர்ப்புச் சொன்ன சிக்கல் வந்தது. இரண்டையும் பிரித்துப் பேச அந்த வாரத்தில் யாருக்கும் பொறுமை இல்லை.

விமர்சகர்கள்

தொலைக்காட்சியில் செல்வாக்கோடு இருந்த விமர்சகர் இணை ஜீன் சிஸ்கல், ரோஜர் ஈபர்ட். அவர்கள் நிகழ்ச்சியில் சிஸ்கல் படத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தவர்களின் பெயர்களைப் படித்து, அவர்கள் வெட்கப்பட வேண்டும் என்றார். படத்தின் லாபத்தை ரத்தப் பணம் என்றே வர்ணித்தது அந்த நிகழ்ச்சி. விமர்சனம் என்ற அளவில் இது விசித்திரமானது. நடிப்பு, திரைக்கதை, ஒளிப்பதிவு எதுவும் பேசுபொருள் இல்லை. இதை எடுக்கலாமா என்பதே கேள்வி. முன்பாதியில் ஒரு குழந்தையின் பயம் எப்படி வளர்க்கப்படுகிறது என்பதைப் பற்றி அந்த வாரத்தில் பேசியவர்கள் அரிது.

பழம்பெரும் நடிகர் மிக்கி ரூனியும் படத்தைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். 1991-இல் இதே வரிசையின் ஐந்தாம் பாகத்தில் பொம்மை செய்யும் கிழவராக நடித்தவரும் அவரேதான். இதைச் சிரித்துக் கடந்துவிடலாம்; ஆனால் நவம்பர் 1984-இன் கருத்துகள் எந்த அளவுக்கு அந்த மாதத்துக்கே உரியவை என்பதற்கு இது ஒரு சான்று.

வசூல் சொன்னது

அதே நவம்பர் 9 அன்று ஃப்ரெடி க்ரூகர் என்ற கொலைகாரன் வரும் 'எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்' திகில் படமும் வெளியானது. முதல் வார இறுதியில் கிறிஸ்துமஸ் படம் சுமார் 14.3 லட்சம் டாலர் எடுத்தது. எல்ம் ஸ்ட்ரீட் சுமார் 12.7 லட்சம். இந்த எண்ணை வைத்து, 'ஃப்ரெடி க்ரூகரையே தோற்கடித்த படம், எதிர்ப்பு மட்டும் இல்லையென்றால் எங்கேயோ போயிருக்கும்' என்று ரசிகர்கள் அடிக்கடி சொல்வார்கள்.

திரையரங்கு எண்ணிக்கையைச் சேர்த்துப் பார்த்தால் கதை வேறு. முதல் படம் 398 அரங்குகள். வகுத்தால் அரங்குக்குச் சுமார் 3,600 டாலர். எல்ம் ஸ்ட்ரீட் வெறும் 165 அரங்குகள். அரங்குக்குச் சுமார் 7,700. கூட்டம் எந்தப் படத்துக்கு அலைமோதியது என்பதை விநியோகஸ்தர்கள் இந்த இரண்டாவது கணக்கில்தான் பார்ப்பார்கள். எல்ம் ஸ்ட்ரீட் கடைசியில் அமெரிக்காவில் இரண்டரைக் கோடி டாலர் எடுத்தது. எதிர்ப்பு இல்லாமல் போயிருந்தாலும் கிறிஸ்துமஸ் படம் அந்த உயரத்துக்குப் போயிருக்கும் என்று சொல்ல இந்த எண்களில் ஆதாரம் இல்லை. அதே சமயம், ஏழரை லட்சத்தில் எடுத்த படம் மூன்றே நாளில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு டிக்கெட் விற்றதும் உண்மை. திரையரங்குக்காரர் பங்கு போக விநியோகஸ்தர் கைக்கு வருவது குறைவு என்றாலும், கைவிட வேண்டிய வியாபாரம் அல்ல.

எடுத்த முடிவும் காரணமும்

வெளியான ஆறாம் நாள் ட்ரைஸ்டார் எல்லா விளம்பரங்களையும் நிறுத்தியது. சிறிது காலத்தில் படமும் அரங்குகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க மொத்த வசூல் சுமார் 25 லட்சம் டாலரில் நின்றது.

விளம்பரத்தை முதலில் நிறுத்தியது வரிசைப்படி சரியான முடிவு. புகாரின் வேர் அங்கேதான். அது முதல் நாளிலேயே நடந்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கலாம். ஆறு நாள் கழித்து அது பின்வாங்கலாகவே தெரிந்தது. அதற்குள் செய்தி நிகழ்ச்சிகள் விளம்பரத் துண்டுகளையே செய்தியாகத் திரும்பக் காட்டிவிட்டால், நிறுவனம் நிறுத்தினாலும் படிமம் ஓடிக்கொண்டே இருக்கும். இலவச விளம்பரம் என்று மகிழலாம்தான். ஆனால் இந்த விளம்பரம் ஒரு டிக்கெட் விற்றால் பத்துப் பேரை வாசலில் பாட வைத்தது.

படத்தைத் திரும்பப் பெற்றது கணக்கு சார்ந்த முடிவு. ஒரு புதிய நிறுவனத்துக்குப் பின்வரும் மாதங்களில் இதே அரங்குகளில் வேறு படங்களை ஓட்ட வேண்டும். ஒரு சின்னப் படத்தின் லாபத்துக்காக அரங்கு உரிமையாளர்களோடு மனக்கசப்பை வளர்ப்பது எந்த விநியோகஸ்தருக்கும் கட்டுப்படியாகாது. கூட்டாளி நிறுவனங்களின் நற்பெயர் வேறு இருந்தது.

1985: அதே படம், வேறு போஸ்டர்

1985 வசந்த காலத்தில் அக்வேரியஸ் என்ற சிறிய விநியோகஸ்தர் படத்தை மறுபடி வெளியிட்டார். கோடரி ஏந்திய தாத்தா விளம்பரத்தில் இல்லை. படம் கிளப்பிய சர்ச்சையையே பேசும் விளம்பரம் அது. பண்டிகைக் காலமும் இல்லை. முந்தைய நவம்பரின் அளவுக்குக் கொந்தளிப்பும் இல்லை.

ஓர் ஆய்வாளருக்கு இதைவிடச் சுத்தமான ஒப்பீடு எளிதில் கிடைக்காது. படம் அதே படம், கொலைகளும் அவையே. மாறியவை போஸ்டர், மாதம், வெளியீட்டின் அளவு. இந்த மூன்றில் எதன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்பது ஒரு குறை. சர்ச்சை ஆறிப்போனதும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

பிற்காலப் பார்வையாளர்கள்

வீடியோ கேசட் காலத்தில் படம் தனக்கான ரசிகர்களைத் தேடிக்கொண்டது. 1987-இல் வந்த இரண்டாம் பாகம் முதல் படத்தின் காட்சிகளையே பெருமளவு வெட்டி ஒட்டியது, அதுவும் விற்றது. பிரிட்டனில் வெளியான காலத்தில் படம் தணிக்கைக்கே போகவில்லை. 2009-இல்தான் ஒரு வெட்டும் இல்லாமல் 18 சான்றிதழ் பெற்றது.

இன்றைய ரசிகர் கருத்துகளைத் தொகுக்கும்போது சில திரும்பத் திரும்ப வருகின்றன. தலைமைக் கன்னியாஸ்திரியாக லிலியன் ஷோவின் நடிப்பைக் குறை சொல்பவர் குறைவு. படத்தின் உண்மையான வில்லி அவர்தான் என்பார்கள், நியாயம்தான். காது கேளாத பாதிரியார் ஒருவர் தாத்தா வேடத்தில் குழந்தைகளைப் பார்க்க வர, காவலர் தவறாகச் சுட்டுவிடும் காட்சியைப் பலர் குறிப்பிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் மரியாதையைப் படம் கெடுத்ததாகச் சொன்னவர்களுக்கு, அந்த வேடத்தின் மீது பரிவு காட்டும் இந்த இடம் கண்ணில் பட்டிருக்க வாய்ப்பில்லை. பின்பாதி சலிப்பு என்பதும், கொலைகளுக்கு முன் தேவையில்லாத நிர்வாணம் என்பதும் நியாயமான குறைகள். 'அந்தக் காலத்துக்கு ஓகே' என்ற ஒரே வரியில் முடிக்கும் கருத்துகளால் யாருக்கும் பயன் இல்லை.

கருத்துகளைப் படிக்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் பிரதி. திரையரங்கில் ஓடிய ஆர் பதிப்பு சுமார் 79 நிமிடம். வெட்டிய ரத்தக் காட்சிகளைச் சேர்த்த பதிப்பு சுமார் 85 நிமிடம். சேர்த்த துண்டுகள் தரம் குறைந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அதனால் கொலை நெருங்கும்போது படம் திடீரென மங்கி, நிறம் மாறி, மறுபடி தெளியும். ஒளிப்பதிவு மோசம், எடிட்டிங் தாறுமாறு என்று எழுதுபவர்களில் பலர் இந்த மாற்றத்தைத்தான் சொல்கிறார்கள். 2017-இல் மூல நெகட்டிவிலிருந்து 4கே தரத்தில் எடுத்த ப்ளூ-ரேயில் ஆர் பதிப்பைப் பார்த்தவருக்கு அந்தக் குறையே தெரியாது.

என்ன மாற வேண்டும்

வெளியிடுபவர் பக்கம் மூன்று இடங்களில் முடிவு வேறாக இருந்திருக்கலாம். முதலாவது, படிமத்தின் தேர்வு. பண்டிகைக்குரிய உருவத்தையும் ஆயுதத்தையும் ஒரே சட்டகத்தில் வைக்கும் போஸ்டர் திரையரங்கின் உள்கூடத்துக்கு மட்டும். வளாகச் சுவர், பேருந்து நிறுத்தம், செய்தித்தாள் ஆகியவற்றுக்குத் தனிப் போஸ்டர். இரண்டாவது, ஒளிபரப்பு நேரம். பெரியவர்களுக்கான படத்தின் விளம்பரத்தை இரவு 10 மணிக்கு மேல் மட்டும் வாங்குவது. நிலையத்தின் இஷ்டத்துக்கு எந்த இடைவேளையிலும் போடும் மலிவு ஒப்பந்தத்தைத் தவிர்ப்பது. பணம் கொஞ்சம் கூடும், ஆனால் பார்க்க வேண்டியவர்களையே சென்றடையும். மூன்றாவது, அரங்கு நிர்வாகிகளுக்கு முன்கூட்டியே தகவல். புகார் வந்தால் போஸ்டரை எடுக்கலாம், படத்தை எடுக்க வேண்டியதில்லை என்ற அதிகாரம் அவர்கள் கையில் எழுத்தில் இருந்திருந்தால், பல ஊர்களில் விஷயம் வாசலிலேயே முடிந்திருக்கும்.

வெளியீட்டு மாதத்தைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. கிறிஸ்துமஸ் திகில் படத்தைக் கிறிஸ்துமஸுக்கு விடாமல் வேறு எப்போது விடுவது என்பது வியாபாரிகளின் கேள்வி. 'க்ரெம்லின்ஸ்' ஜூனில் வந்து ஓடியது என்பது ஒரு பதில்.

கருத்துகளைத் தொகுப்பவர் பக்கம், ஒவ்வொரு கருத்தோடும் நான்கு விவரங்களைச் சேர்த்துக் குறிப்பது நல்லது: சொன்னவர் பார்த்தது விளம்பரமா, படத்தில் பாதியா, முழுப் படமா; எந்தப் பதிப்பு; எந்த ஆண்டு; கூட யார் இருந்தார்கள். கடைசி விவரம் அற்பமாகத் தோன்றும். ஆனால் நள்ளிரவில் நண்பர் கூட்டத்தோடு பார்த்தவர் சிரித்த அதே கொலைக் காட்சிக்கு, தனியாகப் பார்த்தவர் முகம் சுளித்திருப்பார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு விளம்பரத்தை மட்டும் பார்த்தவர் தொலைபேசியை எடுத்திருப்பார். இந்த மூவரையும் ஒரே பட்டியலில் போட்டு ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று சராசரி எடுத்தால் வரும் எண், மூவரில் ஒருவருடைய கருத்தையும் சொல்லாது.